பரண்ல ஒரு பழைய வில் இருக்கா? விற்கிறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க!

"அக்கா, நம்ம தாத்தா வீட்டு வில்லுக்கு ஒருத்தர் பன்னெண்டாயிரம் தர்றேங்கிறார். சேதுபதி காலத்து வில்லாம். குடுத்துரவா?"

ஜெகதாப்பட்டினத்திலிருந்து சித்தி பையன் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. கூடவே மூணு போட்டோ. மேலே கறுத்துப்போன, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு மூங்கில் வில். நடுவில் பிடியில் ஏதோ துணி சுற்றியிருக்கிறது. நாண் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த நேரம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு கரையில் நிற்கும். இன்ஜின் வேலை, பலகை வேலை என்று செலவு மட்டும் நிற்காது. அந்த நேரத்தில் பன்னெண்டாயிரம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

"ரெண்டு நாள் பொறுடா, நான் வந்து பார்க்கிறேன்"னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது... வில்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அப்போது தேட ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை. பழைய வில்லைச் சேகரிப்பது உலகம் முழுக்க இருக்கும் ஒரு ஹாபி. ஆனால், வாங்குவதற்கோ விற்பதற்கோ முன்னாடி ஒரு வில்லை எப்படிப் பார்க்கணும் என்று தெரிந்துகொண்டால், அதில் காசைவிட சுவாரஸ்யமான விஷயங்கள் நிறைய இருக்கு.

முதல்ல, வில்லுன்னா எல்லாம் ஒண்ணு இல்ல!

ஒரு குச்சி, ஒரு கயிறு. சின்ன வயசில் தென்னை ஈர்க்குச்சியை வளைத்து நாம் செய்ததும் வில்தான். ஆனால், சேகரிப்பவர்கள் பழைய வில்களைச் செய்முறையை வைத்துப் பிரிப்பார்கள். நமக்குப் புரிய நாலு வகை போதும்.

ஒன்று, ஒற்றைத் துண்டு வில். ஒரே மரத்துண்டு அல்லது ஒரே மூங்கில் பத்தை. உலகில் அதிகம் இருந்தது இதுதான். டென்மார்க்கின் ஹோல்மெகோர் சதுப்பு நிலத்தில் கிடைத்த எல்ம் மர வில்லுக்கு வயது சுமார் 9,000 வருஷம். நம் நாட்டில் பீல் பழங்குடி மக்களின் வில் மூங்கில். அதன் நாண்கூட கயிறு கிடையாது, மெல்லிசா சீவிய மூங்கில் பட்டைதான். வயநாட்டுக் குறிச்சியர்களும் வில்லுக்குப் பேர்போனவர்கள். 1802-ல் தலைக்கல் சந்து தலைமையில் அவர்கள் பனமரம் கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தாக்கியபோது, எதிர்ப்பக்கம் துப்பாக்கி. இவர்கள் கையில் வில்.

இரண்டு, கூட்டு வில். நடுவில் மரம், எய்பவரைப் பார்த்த பக்கத்தில் எருமைக் கொம்பு, எதிர்ப்பக்கத்தில் விலங்கின் தசைநார். மூன்றையும் பசை போட்டு ஒட்டி, மாசக்கணக்கில் காயவைப்பார்கள். நாணை இழுக்கும்போது கொம்பு அமுங்கும், நார் இழுபடும். இரண்டும் திரும்பி வரத் துடிப்பதால் சின்ன வில்லிலேயே பெரிய வேகம். குதிரை மேல் இருந்து எய்ய வசதி. முகலாயர், ராஜபுத்திரர் ஓவியங்களில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்று, இரும்பு வில். 'இரும்புல வில்லா?'ன்னு கேட்காதீங்க. இந்தியாவின் ஸ்பெஷாலிட்டியே இதுதான். ஈரப்பதத்தில் பசை இளகிவிடும், நாரைப் பூச்சி தின்றுவிடும் என்பதால் எஃகிலேயே வில் செய்து ஆயுதக் கிடங்கில் வைத்தார்கள். அம்பு போகும் வேகம் கூட்டு வில் அளவுக்கு வராது. ஆனால், வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டாலும் எடுத்தவுடன் தயார். சில இரும்பு வில்கள் பிடியில் திருகிக் கழற்றி இரண்டாகப் பிரிக்கும்படி இருக்கும். தங்கக் கம்பி பதித்த வேலைப்பாடும் உண்டு.

நான்கு, நவீனப் பழசு. அமெரிக்காவில் 'வின்டேஜ் வில்' என்றால் பெரும்பாலும் 1950 முதல் 70 வரை மரமும் ஃபைபர் கிளாஸும் சேர்த்துச் செய்த வில்கள். ஃப்ரெட் பேர் என்பவரின் நிறுவனம் செய்த வில்களுக்கு அங்கே பெரிய ரசிகர் கூட்டமே இருக்கிறது. பிடியில் பதித்த சின்ன வட்டக் காசு எந்த உலோகம் என்று பார்த்தே எந்தக் காலத்து வில் என்று சொல்லிவிடுவார்கள். நம்ம ஊரில் புல்லட் பைக் இன்ஜின் நம்பரைப் பார்த்து வருஷம் சொல்கிற அண்ணன்கள் மாதிரி.

கத்தாழை மீனுக்கும் வில்லுக்கும் என்ன சம்பந்தம்?

ஜெகதாப்பட்டினம் ஆட்களுக்கு இது பிடிக்கும். கூட்டு வில்லின் உயிரே பசைதான். அந்தப் பசையில் பேர்போனது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுப்பது. கொரியாவின் பாரம்பரியக் கொம்பு வில்லுக்குக் கத்தாழை இனத்தைச் சேர்ந்த ஒரு மீனின் காற்றுப்பைதான் பசை. சீன வில் கைவினைஞர்களும் மீன் காற்றுப்பைப் பசையைத்தான் நம்பினார்கள்.

காற்றுப்பை என்றால் புரியலையா? நம்ம கடற்கரையில் 'நெட்டி' என்பார்களே, அதேதான். பெரிய கூறல் கத்தாழை வலையில் விழுந்தால் மீனைவிட நெட்டிக்குத்தான் விலை அதிகம். இதைத் தம்பியிடம் சொன்னபோது, "அப்போ நெட்டியை வெச்சு வில்லு ஒட்டலாமா அக்கா?" என்றான். ஒட்டலாம்டா. ஆனா, ஒரு வில் செய்ய ஒரு வருஷம்கூட ஆகும்!

இந்தப் பசைக்கு ஈரமும் சூடும் ஆகாது. அதனால்தான் வறண்ட நாடுகளில் இருநூறு வருஷக் கூட்டு வில்கூட மிஞ்சுகிறது. நம் கடற்கரை மாதிரி உப்புக் காற்றும் புழுக்கமும் உள்ள இடத்தில் மிஞ்சுவது அபூர்வம்.

சேரன் கொடியில் வில்... கையில் ஏன் ஒண்ணுகூட இல்ல?

சேரர்களின் சின்னமே வில். செங்கம் பகுதி நடுகற்களில் வில்லோடு நிற்கும் வீரர்களைப் பார்க்கலாம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரப் பயணத்தில் ஆவுடையார்கோயில். அங்கே கல்லில் வில் பிடித்த முருகன் நிற்கிறார். கல்லில் இவ்வளவு வில் இருந்தும் நிஜ வில் ஏன் கண்ணில் படுவதே இல்லை?

முதல் காரணம் சிம்பிள். மரமும் மூங்கிலும் மக்கிப்போகும். இங்கிலாந்தில் 1545-ல் கடலில் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலை 1982-ல் மேலே தூக்கினார்கள். அதிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மர வில்கள் கிடைத்தன. அதுவரை அந்தக் காலத்து இங்கிலாந்து நெடுவில் கிட்டத்தட்ட எதுவுமே உலகின் கையில் இல்லை. சேற்றில் புதைந்து காற்றுப்படாமல் கிடந்ததால் தப்பித்தன. நம் மண்ணில் கரையானும் மழையும் எதையும் விட்டுவைப்பதில்லை.

இரண்டாவது காரணம் வரலாறு. மருது சகோதரர்களை 1801 அக்டோபரில் தூக்கிலிட்ட பிறகு, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் அதே வருஷம் டிசம்பர் 1-ம் தேதி ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தெற்கத்திப் பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது அது. அதுவரை வீட்டுக்கு வீடு இருந்த ஆயுதங்கள் பறிபோயின.

மூன்றாவதுதான் மனசுக்குக் கஷ்டமானது. தஞ்சாவூர் அரண்மனையில் பெரிய ஆயுதச்சாலை ஒன்று இருந்தது. 19-ம் நூற்றாண்டில் அரச வம்சம் முடிந்த பிறகு அந்த ஆயுதங்களை அள்ளிக்கொண்டு திருச்சிக்குப் போனார்கள். சென்னை மியூசியத்துக்கென்று கொஞ்சம் எடுத்துவைத்தார்கள். மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாகவே விற்றுவிட்டார்கள். அதைப் பார்த்து வருத்தப்பட்ட வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1878-ல் அதைப் பற்றி எழுதிவைத்ததால் நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. யோசிச்சுப் பாருங்க, ஒரு ராஜ்யத்தின் ஆயுதங்கள் கிலோ கணக்கில் பேரீச்சம்பழத்துக்குப் போன மாதிரி!

புதுக்கோட்டை மட்டும் எப்படி தப்பிச்சது?

இங்கேதான் நம்ம மாவட்டம் சீனுக்குள்ள வருது. புதுக்கோட்டை தொண்டைமான்கள் கம்பெனியோடு நட்பாக இருந்தவர்கள். அது சரியா தப்பா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால், அதன் ஒரு விளைவு, 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும் வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானமாகவே இருந்தது. ஆயுதக் கிடங்கும் தொடர்ந்து இருந்தது. (ஜெகதாப்பட்டினம் அந்தச் சமஸ்தானத்துக்குள் கிடையாது. சமஸ்தானத்துக்குக் கடற்கரையே இல்லை. தஞ்சை மாவட்டத்தில் இருந்த இந்தக் கடலோரம், 1974-ல் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது சேர்ந்தது.)

அந்தச் சமஸ்தானத்தில் மிஞ்சிய ஆயுதங்களில் பிரபலமானது வளரி. பிறை மாதிரி வளைந்த, எறிந்து தாக்கும் ஆயுதம். வில் வகையறா கிடையாது. ஆனால், பழைய ஆயுதத்தை எப்படிக் காப்பாற்றணும் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல உதாரணம் இதுதான். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி, தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்தது சின்ன மருதுதான் என்று 1830-ல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே மருதுவை எதிர்த்துப் பிறகு சண்டைக்குப் போனவரும் அவர்தான்!

அதன் பிறகு நூறு வருஷம் கழித்து, 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட புத்தகத்தில் புதுக்கோட்டை திவான் வளரி பற்றிச் சொன்ன தகவல் இருக்கிறது. எறியத் தெரிந்தவர்கள் அப்போதே இல்லாமல் போய்விட்டார்கள். எப்போதாவது முயல் வேட்டைக்கு எடுப்பதோடு சரி. ஆனால், பழைய வீரர்களின் வாரிசுகள் அதை மற்ற ஆயுதங்களோடு பூஜை அறையில் வைத்திருக்கிறார்கள். ஆயுத பூஜை அன்று எடுத்து, சுரண்டித் துடைத்து, கும்பிட்டுவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுகிறார்கள் என்கிறது அந்தக் குறிப்பு.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு விஷயம் தோன்றியது. நாம் 'கலெக்‌ஷன்' என்றால் கண்ணாடி அலமாரி, ஸ்பாட் லைட் என்று நினைக்கிறோம். நம்ம ஊரில் மியூசியம் வருவதற்கு முன்னாடியே வருஷத்துக்கு ஒருநாள் எடுத்து, துடைத்து, பார்த்து, பத்திரமாக வைக்கிற பழக்கம் இருந்திருக்கிறது. மூணு நாலு தலைமுறை தாண்டி ஒரு மரத்துண்டு பிழைக்க அது போதுமானதாக இருந்திருக்கிறது.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

வாங்குவதற்கு முன் நிறையப் பார்க்கணும். சேகரிப்பவர்களின் முதல் விதி இது. செலவும் கம்மி.

திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் 1910-ல் தொடங்கியது. சமஸ்தானத்து ஆயுதங்களை அங்கே பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சை ஆயுதச்சாலையில் தப்பித்தவை வந்து சேர்ந்த இடம் அது; யானைத் தந்தத்தில் செய்த வளரி அங்கே இருப்பதாக தர்ஸ்டனே குறிப்பிடுகிறார். ஊட்டி, வயநாடு டூர் பிளான் பண்ணினால் அம்பலவயலில் இருக்கும் வயநாடு பாரம்பரிய அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இன்னொரு வில்லையும் மறந்துடாதீங்க. வில்லுப்பாட்டு வில்! பனை வைரத்தில் அல்லது உலோகத்தில் செய்த, ஆளைவிட நீளமான வில். மணிகள் தொங்கும், நடுவில் குடம் இருக்கும், நாண் மேல் வீசுகோல் விழும். கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி கோயில் கொடைகளில் இன்றும் கேட்கலாம். இந்தக் கலைக்காக 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022-ல் காலமானார். ஆயுதமாக இருந்து இசைக்கருவியாகப் புழங்கும் வில் இது.

ஒரு வில்லை எப்படிப் படிப்பது?

ஊருக்குப் போவதற்கு முன் நான் எழுதிக்கொண்டு போன லிஸ்ட் இது. உங்களுக்கும் உதவும்.

*முனை:* நாண் மாட்டும் பள்ளம் அல்லது வெட்டு இருக்கா? நிஜமாகப் பயன்படுத்திய வில்லில் அந்த வெட்டின் ஓரம் நாண் உரசி மழுங்கியிருக்கும். வெட்டு கூர்மையாக, புதுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

*தடிமன்:* பிடியிலிருந்து முனைக்குப் போகப்போக வில் சீராக மெலியணும். இரண்டு கையும் ஒரே மாதிரி வளையணும் என்பதற்காக வில் செய்பவர் மணிக்கணக்கில் சீவுவார். முழு நீளத்துக்கும் ஒரே தடிமன் என்றால் அது எய்வதற்காகச் செய்த வில்லாக இருக்க வாய்ப்பு குறைவு.

*பிடி:* வருஷக்கணக்கில் வியர்வை பட்ட இடம் கறுத்து, வழவழவென்று இருக்கும். பிடியும் மற்ற இடமும் ஒரே நிறத்தில் கறுத்திருந்தால் டீத்தூள் தண்ணீரோ பாலிஷோ வேலை செய்திருக்கலாம்.

*அம்பு உரசும் இடம்:* பிடிக்குச் சற்று மேலே பக்கவாட்டில் அம்பு உரசிப் போன தேய்மானம் தெரியும். வலது கைக்காரரா, இடது கைக்காரரா என்றுகூட இதை வைத்து ஊகிக்கலாம்.

*வளைவு:* நிறைய எய்த மர வில், நாணைக் கழற்றினாலும் லேசாக எய்பவர் பக்கமாக வளைந்தே நிற்கும். கூட்டு வில் இதற்கு நேர் எதிர். நாண் கழற்றினால் மறுபக்கம் சுருண்டுகொள்ளும். இது தெரியாமல் தப்பான பக்கம் வளைத்து நாண் கட்டி உடைத்தவர்கள் ஏராளம்.

*ஆணி, ஸ்க்ரூ, பசை:* 'இருநூறு வருஷப் பழசு' என்று விற்கும் பொருளில் ஸ்டார் ஸ்க்ரூ தெரிந்தால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலை, வரலாற்று மதிப்புள்ள பொருள் தொல்பொருள் ஆகிவிடும். அதை வாங்கி விற்கும் தொழில் செய்ய லைசென்ஸ் வேணும். வெளிநாட்டுக்குத் தனியார் யாரும் அனுப்ப முடியாது. 'துபாய்ல ஒரு பார்ட்டி இருக்கு, கூரியர்ல அனுப்பிடலாம்' என்று யாராவது சொன்னால், மாட்டப்போவது அனுப்பினவர்தான். சில வகைத் தொல்பொருள்களுக்குப் பதிவும் கட்டாயம். உங்கள் பொருளுக்குத் தேவையா என்பதை மாவட்ட அருங்காட்சியகத்தில் கேட்டுவிடுங்கள்.

தந்தம், மான் கொம்பு மாதிரி பாகங்கள் இருந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அதை வாங்கவே வாங்காதீங்க. நிலத்தைத் தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் அது தனிக்கதை. 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தகவல் சொல்லணும்.

சட்டத்தைத் தாண்டி ஒன்று. பழங்குடி மக்களின் வில் அவர்கள் வீட்டில் இன்னமும் சடங்குக்குப் பயன்படும் பொருளாக இருக்கலாம். கஷ்டத்தில் இருக்கும் குடும்பத்திடம் அடிமாட்டு விலைக்கு வாங்கி, இன்ஸ்டாவில் 'ரேர் ஃபைண்ட்' என்று போடுவதில் என்ன பெருமை இருக்கு? புது வில் செய்யும் கைவினைஞரிடம் நியாயமான விலை கொடுத்து வாங்குங்கள். அவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

வீட்ல வில் இருந்தா, இதைச் செய்யாதீங்க!

நாண் ஏற்றவே ஏற்றாதீர்கள். காய்ந்த மூங்கிலும் மரமும் பார்க்க உறுதியாகத் தெரியும். வளைத்தால் ஒரே 'டப்'. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவது இன்னும் மோசம். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பி, நல்ல வில்லையும் உடைத்துவிடும். சிலம்பு கண்ணுக்கு வரலாம், ஜாக்கிரதை.

மூலையில் சாய்த்து வைக்காதீர்கள். எடை ஒரே பக்கம் இறங்கி முறுக்கிக்கொள்ளும். படுக்கைவாட்டில், இரண்டு அகலமான தாங்கிகளில், துணி சுற்றி வையுங்கள். வெயில் படும் சுவர், அடுப்படி, ஈரச்சுவர் மூன்றும் வேண்டாம். வார்னிஷ் அடிக்காதீர்கள், அடித்தால் பழைய தடயமெல்லாம் மூடிப்போகும். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். கீழே மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தால் உளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மற்ற மரச்சாமான்களிலிருந்து உடனே தள்ளி வைத்துவிட்டு, அருங்காட்சியகத்தில் யோசனை கேளுங்கள். கடலோரத்தில் இரும்புப் பொருள் என்றால் உப்புக் காற்றே எதிரி. மூடிய பெட்டிதான் நல்லது.

முக்கியமாக, ஒரு சீட்டு எழுதி அதோடு கட்டி வையுங்கள். யார் செய்தது, யார் வைத்திருந்தது, எந்த ஊர், எப்போது. இந்தச் சீட்டு இல்லாத வில், பெயர் எழுதாத கல்யாண போட்டோ மாதிரி. இன்னும் இருபது வருஷத்தில் யாரென்றே தெரியாது.

சரி, எங்க வீட்டு வில் என்ன ஆச்சு?

லிஸ்ட்டோடு ஜெகதாப்பட்டினம் போய் இறங்கினேன். வாசலில் பாய் விரித்து, வில்லை அதில் வைத்து, மொபைல் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். தம்பி பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டான்.

முனையில் வெட்டு இருந்தது. ஆனால், நாண் உரசிய தடமே இல்லை. அம்பு உரசும் இடத்திலும் எதுவும் இல்லை. பிடியில் சுற்றியிருந்தது சிவப்பு வெல்வெட் துணி, வெளுத்துப்போய். அதன் மடிப்புக்குள் டார்ச் அடித்தபோது ஏதோ மின்னியது. நகத்தால் மெதுவாகத் தொட்டேன். ஜிகினா!

"சேதுபதி காலத்துல ஜிகினா இருந்துச்சா அக்கா?" என்றான் தம்பி. குரல் இறங்கிப்போயிருந்தது.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மாச்சி எழுந்து வந்தார். வில்லைப் பார்த்ததும் சிரிப்பு. "அடியே, இது உங்க தாத்தா செஞ்சதுடி. எழுபத்தேழு புயலுக்கு மறுவருசம் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் நாடகம் போட்டாக. முருகன் வேடனா வர்றப்ப கையில வில்லு வேணும்ல? ராஜபார்ட்டு கொண்டாந்த வில்லு வழியிலயே ஒடைஞ்சுபோச்சு. உங்க தாத்தாதான் ராவோட ராவா ஒக்காந்து இதைச் செஞ்சு குடுத்தாரு."

தாத்தா ஓடாவி. படகு கட்டுகிற தச்சர். அன்றைக்கு இரவு, புயலில் நொறுங்கிய ஒரு படகின் பாய்மர மூங்கிலை எடுத்துப் பிளந்து, சூடு காட்டி வளைத்தாராம். விடியக்காலை வரை நாடகம். முருகன் வேஷக்காரர் திருப்பிக் கொடுக்கும்போது, "எய்யுற வில்லு மாதிரியே இருக்கே மாமா"ன்னு சொன்னதாக அம்மாச்சி சொன்னார்.

அது பொய்யில்லை. நான் திரும்பக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் அது சீராக மெலிந்துகொண்டே போகிறது. வெறும் நாடக சாமானுக்கு அந்த வேலை தேவையே இல்லை. ஒரு ராத்திரி மேடையில் நிற்கப்போகும் வில்லைக்கூட படகுப் பலகை சீவுகிற அதே கையோடு சீவியிருக்கிறார். லிஸ்ட் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

மேலே இருந்த கறுப்பு பழமையால் வந்ததில்லை. 2018 கஜா புயலில் கூரை பறந்தபோது நனைந்து, பிறகு பல வருஷம் அடுப்படிப் பரணில் புகை குடித்ததில் வந்தது.

தம்பி வாங்க வந்தவருக்கு போன் போட்டான். "அண்ணே, இது சேதுபதி காலத்தது இல்லண்ணே. எங்க தாத்தா செஞ்ச நாடக வில்லு." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "அதை ஏம்ப்பா வெளிய சொல்றே? நான் ஆயிரம் கொறச்சுத் தர்றேன். வாங்குறவனுக்கு நான் சொல்லிக்கிறேன்." அதாவது, நம்ம தாத்தாவின் வில் எங்கேயோ ஒரு வரவேற்பறையில் சேதுபதியின் பெயரில் தொங்கப்போகிறது. தாத்தா பெயர் இனி எதிலும் இருக்காது.

தம்பி என்னைப் பார்த்தான். நான் எதுவும் சொல்லவில்லை. படகுச் செலவு அவனுடையது, எனக்கு மாசச் சம்பளம். சென்னையில் உட்கார்ந்துகொண்டு 'பாரம்பரியம்' பேசுவது சுலபம். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இல்லண்ணே, வேணாம்"னு வைத்துவிட்டான். பன்னெண்டாயிரம் எங்கிருந்தும் வந்து குதிக்கவில்லை. சித்தியின் தோடு அடகுக்குப் போனது. சீசன் ஆரம்பித்துத்தான் அதை மீட்டார்கள்.

வில் இப்போது முன்னறையில் இரண்டு மரத் தாங்கிகளில் படுத்திருக்கிறது. தாங்கிகளைச் செய்தது தம்பி. ஒரு சீட்டில் தாத்தா பெயர், 1978, வள்ளி திருமணம், ஜெகதாப்பட்டினம் என்று எழுதி, நூலால் பிடியில் கட்டியிருக்கிறோம். போன ஆயுத பூஜைக்கு அவன் அனுப்பிய போட்டோவில் வலை பின்னும் ஊசி, ஸ்பேனர் செட், ஜி.பி.எஸ் கருவி, தாத்தாவின் வாய்ச்சி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் சந்தனப் பொட்டோடு வில்.

உங்க வீட்டுப் பரணிலும் ஏதாவது இருக்கும். வில்லாகவே இருக்கணும்னு இல்லை. இந்த வாரம் அதைக் கீழே இறக்கி, பாட்டி பக்கத்தில் வைத்து, "இது யாரோடது?"ன்னு கேட்டுப் பாருங்க. மொபைல்ல ரெக்கார்டு போட மறந்துடாதீங்க!